வாசகர் கேள்வி – பதில்: வளைவுக் கூரை நிழற்குடை வாங்கும் முன்

வெயில் ஏற ஏற இந்தக் கேள்விகளும் ஏறிக்கொண்டே போகின்றன. தொழிற்சாலையிலேயே வெட்டி, வளைத்து, துளை போட்டு, லாரியில் வந்து இறங்கி, இரண்டு மூன்று நாளில் நின்றுவிடுகிற வளைவுத் தகரக் கூரை நிழற்குடைகளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். பூங்காவில் வைக்கலாமா, பள்ளி மைதானத்தில் வைக்கலாமா, மலையில் டென்ட் போடும் இடத்துக்குச் சரிவருமா, துரு பிடிக்குமா, சூடு இறங்குமா என்று பல ஊர்களிலிருந்து கடிதங்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். முதல் கடிதத்துக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன். அதில் தப்பினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

"கொடைக்கானல் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது சார். பள்ளத்தாக்கைப் பார்த்த விளிம்பில் டென்ட் போட்டு ஆட்களைத் தங்க வைக்கிறோம். சாப்பிடவும் உட்கார்ந்து பேசவும் 20 அடிக்கு 30 அடியில் வளைவுக் கூரை ஷெல்டர் ஒன்று ரெடிமேடாக வாங்க விலை கேட்டேன். கூரை எடை ரொம்பக் கம்மி, தனியாக அஸ்திவாரம் வேண்டாம், தரையில் நாலு இஞ்ச் கான்கிரீட் போட்டு அதிலேயே போல்ட் அடித்து நிறுத்திவிடலாம் என்கிறார் விற்பவர். செலவும் குறையும். செய்யலாமா?" – வாசகர், கொடைக்கானல்

செய்யாதீர்கள். எடை கம்மி என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் அதனால்தான் அஸ்திவாரம் பெரிதாக வேண்டும். வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவது வீடு மண்ணில் இறங்காமல் இருக்க. நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரைக்கு அஸ்திவாரம் போடுவது அது மேலே கிளம்பிவிடாமல் இருக்க. காற்று வளைவின் முதுகைத் தாண்டும்போது மேலே உறிஞ்சுகிறது, அதே காற்று அடியில் புகுந்து கீழிருந்து தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து இழுக்கும் திசை வானம்.

கணக்கைப் பாருங்கள். கட்டடங்களுக்கான காற்று விசையைச் சொல்லும் இந்தியத் தரக் குறிப்பேடு ஐஎஸ் 875, மூன்றாம் பாகம், 2015 பதிப்பு. அதில் உங்களுக்குப் பக்கத்தில் உள்ள மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். வேகத்தை வேகத்தால் பெருக்கி 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் நியூட்டன் கணக்கில் வந்துவிடும். 39-க்கு அது சதுர மீட்டருக்குச் சுமார் 913 நியூட்டன், அதாவது 93 கிலோ எடைக்குச் சமம். உங்கள் கூரை 600 சதுர அடி, கிட்டத்தட்ட 56 சதுர மீட்டர். மோட்டாவாக எடுத்துக்கொண்டால் ஐந்து டன்னுக்கு மேல் மேல்நோக்கிய இழுப்பு. கூரையின் எடை எவ்வளவு? அரை மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட வராது. இரும்புச் சட்டம், தூண் எல்லாம் சேர்த்தாலும் மொத்தம் ஒன்றரை டன்னுக்குள் அடங்கிவிடும். மீதியை யார் பிடித்துக்கொள்வது?

இது சமவெளிக் கணக்கு. நீங்கள் இருப்பது பள்ளத்தாக்கின் விளிம்பில். சரிவில் ஏறிவரும் காற்று விளிம்பில்தான் வேகம் எடுக்கும். அதற்காக அதே குறிப்பேடு வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. பார்வைக்குச் சின்ன எண்தான், ஆனால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது 1.85 மடங்காகிவிடும். ஐந்து டன் ஒன்பது டன்னைத் தாண்டிவிடுகிறது. கூரையின் எடையைக் கழித்து ஆறு தூணுக்குப் பங்கு போட்டால் ஒவ்வொரு தூணின் அடியிலும் சுமார் ஒன்றே கால் டன்னிலிருந்து ஒன்றரை டன் வரை பிடித்து வைக்கும் கனம் வேண்டும். கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,400 கிலோ. ஆக, நீளம் அகலம் ஆழம் மூன்றும் இரண்டே முக்கால் அடி இருக்கிற கட்டி ஒவ்வொரு தூணுக்கும். மேலே நிரப்பும் மண்ணும் கொஞ்சம் உதவும். கூரையின் வடிவம், மண்ணின் தன்மை, பக்கவாட்டுக் காற்று எல்லாம் சேர்த்து முறையாகக் கணக்குப் போட ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் வேண்டும். நான் போட்டது அளவு எந்த ரகத்தில் வரும் என்று உங்களுக்குக் காட்ட மட்டுமே.

"தரை முழுக்கச் சேர்த்தால் பத்து டன்னுக்கு மேல் கான்கிரீட் இருக்கிறதே" என்று விற்பவர் திருப்பிக் கேட்பார். கம்பி இல்லாத நாலு இஞ்ச் தரை ஒரே பலகையாக எழும்பி நின்று பிடிக்காது. போல்ட்டைச் சுற்றி ஒரு கூம்புத் துண்டு மட்டும் பெயர்ந்து போல்ட்டோடு வந்துவிடும். துளை போட்டு அடிக்கிற ஆங்கர் ஃபாஸ்டனரை இந்த மாதிரி இழுவை வேலைக்கு மெல்லிய தரையில் நம்பவே கூடாது. அஸ்திவாரக் கான்கிரீட் ஊற்றும்போதே வளைந்த ஜே போல்ட்டுகளை டெம்ப்ளேட் (போல்ட் நிற்கும் இடங்களில் துளை போட்ட அச்சுத் தகடு) வைத்துப் பிடித்து உள்ளே புதைத்துவிட வேண்டும். பிறகு தூணின் அடியில் இருக்கும் இரும்புத் தகடான பேஸ் பிளேட்டை இறக்கி, மட்டம் பார்த்து, அடியில் உள்ள இடைவெளியை கிரவுட் என்ற சிமென்ட் கலவையை ஊற்றி அடைத்து, ஒவ்வொரு போல்ட்டிலும் இரண்டு நட்டு முடுக்குங்கள்.

இன்னொன்று, இதை யாரும் வாங்கும்போது யோசிப்பதில்லை. குளிர் தாங்கவில்லை என்று விருந்தினர் சொன்னதும் ஒரு பக்கம் தார்ப்பாய் கட்டுவீர்கள். அப்புறம் இரண்டாவது பக்கம். திறந்த கூரைக்குப் போட்ட கணக்கு அன்றோடு செல்லாது. உள்ளே வந்த காற்றுக்கு வெளியே போக வழி இல்லாவிட்டால் அது கூரையைத்தான் தூக்கும். பக்கவாட்டில் தடுப்பு வருமா வராதா என்பதை என்ஜினியரிடம் முதலிலேயே சொல்லி, வரும் என்றே வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். விற்பவரிடம் ஷீட் எத்தனை மில்லிமீட்டர், என்ன நிறம் என்று கேட்பதற்கு முன்னால் 'எந்தக் காற்று வேகத்துக்கு வடிவமைத்தது, ஒரு தூணுக்கு மேல்நோக்கு விசை எவ்வளவு, அஸ்திவார வரைபடம் எங்கே' என்று கேளுங்கள். அந்தத் தாள் கையில் இல்லாதவரிடம் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். நாளைக்கு அந்தக் கூரைக்கடியில் குழந்தைகளோடு ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடப்போகிறது.

"எங்கள் அடுக்ககத்தில் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு வளைவு ஷீட் போட்டோம். நிழல் கிடைத்தது, ஆனால் அடியில் நின்றால் தலை கொதிக்கிறது. கருநீலம் அழகாக இருக்கும் என்று தேர்ந்தெடுத்தோம். இப்போது என்ன செய்யலாம்?" – வாசகி, துரைப்பாக்கம், சென்னை

நிறம்தான் முதல் காரணம். அடர் நிறம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், தகடு கை வைக்க முடியாத அளவுக்குக் காயும், காய்ந்த தகடு கீழ்நோக்கிக் கதிர்வீசும். நீங்கள் உணர்வது காற்றின் சூடு மட்டும் இல்லை. அந்தத் தகடு நேரடியாக உங்கள் தலைக்கு அனுப்பும் சூடும் சேர்ந்ததுதான் அது. அதனால்தான் நான்கு பக்கமும் காற்றாட இருந்தும் கொதிக்கிறது.

கூரையைக் கழற்ற வேண்டாம். மேல் முகத்தைக் கழுவி, வெளிர் நிறச் சூடு குறைக்கும் பெயிண்ட்டை உலோகத்துக்கு ஏற்ற பிரைமரோடு அடியுங்கள். வெள்ளை என்றால் இன்னும் நல்லது. வித்தியாசம் அன்றைக்கே தெரியும். அடுத்தது அடிப்பக்கம். பெயிண்ட் அடித்த பரப்பு சூட்டைத் தாராளமாக வீசும், பளபளப்பான உலோகப் பரப்பு மிகக் குறைவாக வீசும். ஆகவே ஷீட்டுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு, பளபளப்பு முகம் கீழே தெரிகிற மாதிரி ஃபாயில் இன்சுலேஷன் கட்டலாம். அது கிழிந்து தொங்கும் என்று தோன்றினால் மூங்கில் பாய் அடியுங்கள். ஓரங்களில் காற்று போகத் திறப்பு விட்டால் இடையில் சேரும் சூடு வெளியேறிவிடும். மழை பெய்யும்போது வரும் தடதட சத்தமும் இதனால் நன்றாகக் குறையும். இன்னொரு வாசகர் சத்தத்தைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தார், அவருக்கும் இதே பதில்தான்.

புதிதாக வாங்குகிறவர்கள் வெளிர் நிறம் கேளுங்கள், ஓரத்தின் உயரம் குறைந்தது எட்டு அடி கேளுங்கள். தாழ்ந்த ஓரம் தலையில் இடிக்கும், சிறுவர்கள் தொற்றி ஏறுவார்கள், வளைவு ஏறச் சுலபமாகவும் இருக்கும், இறங்கும்போது வழுக்கும். கீழே சிமென்ட் தரையாக இருந்தால் பக்கத்து வெயில் அதில் பட்டு உள்ளே எதிரொளிக்கும். சுற்றி இரண்டு மூன்று அடிக்குப் புல்லோ செடியோ இருந்தால் அதுவே பாதி நிம்மதி.

"பூங்காவில் நிழற்குடை இருக்கிறது, ஆனால் சாயங்காலம் நாங்கள் போகும் நேரத்தில் நிழல் பெஞ்சில் இல்லாமல் பக்கத்துப் பாதையில் விழுகிறது. வயதானவர்கள் எல்லாம் பாதை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறோம். இதற்கு வழி உண்டா ஐயா?" – வாசகர், அண்ணா நகர், சென்னை

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசு கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் வைக்கும்போது பத்து நிமிடம் யோசித்திருந்தால் தீர்ந்திருக்கும். கூரை எங்கே இருக்கிறதோ அங்கேதான் நிழல் என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள். உச்சிவேளையில்தான் அது சரி. சித்திரை மாதம் சென்னையில் மாலை நாலேகால் மணிவாக்கில் சூரியன் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட 30 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடும். அப்போது பத்தடி உயரக் கூரையின் நிழல் பதினேழு அடி கிழக்கே தள்ளி விழும். கூரையின் அகலமே பதினைந்து அடி என்றால் அடியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொட்டு நிழல் கிடையாது.

இப்போது செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, பெஞ்சுகளில் பாதியைக் கூரைக்குக் கிழக்கே, நிழல் விழும் இடத்துக்கே மாற்றச் சொல்லி மனுக் கொடுங்கள். செலவே இல்லை. இரண்டு, மேற்கு ஓரத்தில் தூண்களுக்கு நடுவே செங்குத்தாகச் சாய்வுப் பட்டைகளோ கொடி ஏற்றிய கம்பி வலையோ வைக்கலாம். காற்று போக இடைவெளி இருக்க வேண்டும், மேலே முதல் பதிலில் சொன்ன காரணத்துக்காக முழுச் சுவராக அடைக்கக் கூடாது. கொடி அடர்ந்து வளர்ந்தால் அதுவும் காற்றைத் தடுக்கும், அவ்வப்போது கத்தரித்துவிடச் சொல்லுங்கள்.

புதிதாக வைப்பவர்களுக்கு: வளைவு இறங்கிவரும் நீளப் பக்கம் மேற்கைப் பார்க்கட்டும், திறந்த வில் முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். பல இடங்களில் பாதையிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் என்று வில் முகத்தை மேற்கே திருப்பிவிடுகிறார்கள், மாலை வெயில் அந்த வாயில் வழியாக நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். வாங்கும் முன் நான்கு மூங்கிலை நட்டு மேலே ஒரு பழைய போர்வையைக் கட்டி, காலை, மதியம், மாலை நிழல் எங்கே போகிறது என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாருங்கள். மேற்குப் பக்கத்தில் ஒரு புங்கமோ வேம்போ அன்றைக்கே நட்டுவிடுங்கள். அது வளர்ந்து வரும்வரை தகரம் நிழல் கொடுக்கும், வளர்ந்த பிறகு தகரத்துக்கே அது நிழல் கொடுக்கும்.

"வளைவு எதற்கு? அழகுக்காக மட்டும்தானா? யார் முதலில் செய்தது?" – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

நல்ல கேள்வி. ஒரு தாளின் ஓரத்தைப் பிடித்தால் துவளும், அதையே விசிறி மாதிரி மடித்துப் பிடித்தால் மேலே ஒரு பேனாவை வைக்கலாம். இரும்புத் தகட்டை அலை அலையாக மடிப்பதும் அதே விஷயம்தான். இதற்கு 1829-இல் லண்டன் துறைமுக நிறுவனத்தின் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பால்மர் காப்புரிமை வாங்கினார். அவர் துறைமுகத்தில் கட்டிய ஷெட்டே வளைந்த கூரைதான். அலை ஒரு திசையில் விறைப்புத் தருகிறது, அதே தகட்டை வில்லாகவும் வளைத்துவிட்டால் அடியில் சட்டம் அதிகம் இல்லாமலே ஒரு அகலத்தைத் தாண்டி நிற்கும். துத்தநாகப் பூச்சு 1837-இல் வந்த பிறகு துருத் தொல்லையும் குறைந்து, உலகம் முழுக்கப் பரவியது.

பாகம் பாகமாக எடுத்துப்போய்ப் பூட்டும் முறையைப் போர்தான் வளர்த்தது. முதல் உலகப் போரில், 1916-இல், பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் பிரிவில் இருந்த பீட்டர் நார்மன் நிசன் அரை உருளை வடிவக் குடில் ஒன்றை வடிவமைத்தார். ஆறு பேர் சேர்ந்தால் நாலு மணி நேரத்தில் நிறுத்திவிடலாம் என்பதுதான் அதன் பெருமை. இரண்டாம் போரின்போது 1941-இல் அமெரிக்கக் கடற்படை ரோட் ஐலண்ட் மாநிலத்தின் குவான்செட் பாயிண்டில் அதே யோசனையை மேம்படுத்தியது. குவான்செட் குடில் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமாகச் செய்தார்கள். போர் முடிந்ததும் மிச்சம் இருந்தவை பொதுமக்களுக்கு விற்கப்பட்டு வீடாகவும் கடையாகவும் கிடங்காகவும் மாறின.

இன்று பூங்காவில் நீங்கள் பார்க்கும் நிழற்குடையில் பாரத்தைத் தாங்குவது வளைத்த இரும்புக் குழாய்ச் சட்டம். ஷீட் வெறும் போர்வை. அப்படியிருந்தும் வளைவால் நடைமுறையில் பெரிய லாபம் ஒன்று உண்டு, அது அடுத்த கடிதத்தில் வருகிறது.

"வளைவுக் கூரையில் சரியாக நடு உச்சியில் ஒழுகுகிறது. சிலிகான் பூசியும் நிற்கவில்லை." – வாசகர், திருப்பூர்

உங்கள் கூரையில் இரண்டு ஷீட்டை உச்சியில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். ஏணி வைத்து ஏறிப் பாருங்கள், உச்சியில் குறுக்கே ஒரு இணைப்பு தெரியும். வளைவின் லாபமே கூரைமுகட்டில் இணைப்பு இல்லாமல் ஒரே ஷீட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போட முடிவதுதான். வளைவில் மிகவும் மட்டமான இடம் உச்சி. அங்கே தண்ணீர் மெதுவாகத்தான் நகரும், காற்று அடித்தால் பின்னோக்கியும் போகும், இணைப்பு இருந்தால் அதற்குள் ஏறிவிடும். பணம் மிச்சம் பிடிக்கவோ லாரியில் நீளம் கொள்ளாததாலோ இரண்டாக வெட்டியிருப்பார்கள்.

முடிந்தால் முழு நீள ஷீட்டுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் அந்த இணைப்பைக் கழற்றி, சுத்தம் செய்து, மேலும் கீழும் இரண்டு வரிசை பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஒட்டி, திரும்ப ஸ்க்ரூ போடுங்கள். மேலே பூசும் சிலிகான் வெயிலில் தகடு நீளும்போது பிய்ந்துவிடும். பத்து மீட்டர் இரும்புத் தகடு 40 டிகிரி வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து மில்லிமீட்டர் நீளும், சுருங்கும், இது தினமும் நடக்கிறது. பக்கத்து ஷீட்டுகள் சேரும் நீள இணைப்பிலும் உச்சியை ஒட்டி இரண்டு பக்கமும் சில அடிக்கு டேப் வையுங்கள். ஸ்க்ரூ தலைக்கடியில் உள்ள ரப்பர் வாஷரையும் பாருங்கள். பிதுங்கி வெளியே வழிந்திருந்தால் அதிகம் முடுக்கிவிட்டார்கள், அப்படியே சுழன்றால் போதவில்லை. வாஷர் லேசாக அமுங்கி, தலையின் விளிம்போடு சமமாக நிற்பதுதான் பக்குவம்.

"கடற்கரையில் இருந்து அரை கிலோமீட்டரில் எங்கள் ஊராட்சிப் பூங்கா. போன தடவை வைத்த ஷெட் சில வருஷத்தில் தூண் அடியில் அரித்துச் சாய்ந்துவிட்டது. இந்தத் தடவை என்ன கேட்டு வாங்க வேண்டும்?" – வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் உங்கள் பக்கம்தான் கரையேறியது, ஆகவே காற்றைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும். கிழக்குக் கரையிலிருந்து 60 கிலோமீட்டர் வரை உள்ள பகுதிக்குக் காற்றுக் குறிப்பேட்டில் புயலுக்கென்று தனி விதி உண்டு. வடிவமைப்புத் தாளில் அதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

துருவுக்கு வருவோம். ஷீட்டில் "0.50" என்று சொன்னால், பூச்சும் பெயிண்ட்டும் சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அலுமினியம்-துத்தநாகப் பூச்சு என்றால் ஏஇசட் 150 கேளுங்கள். சதுர மீட்டருக்கு இரண்டு முகமும் சேர்த்து 150 கிராம் என்று அர்த்தம். கடலுக்கு நெருக்கமான இடங்களுக்கு ஷீட் கம்பெனிகளின் உத்தரவாதம் பெரும்பாலும் பொருந்தாது, அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அலுமினிய ஷீட்டுக்கும் ஒரு விலை வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

தூணும் சட்டமும் வெட்டி, வெல்டிங் முடித்து, துளை எல்லாம் போட்ட பிறகு துத்தநாகக் குளியலில் முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகம் குழாயின் உள்பக்கமும் போய்ப் பிடிக்கும். அதற்காகவே குழாயில் சிறு துளைகள் விடுவார்கள், அந்தத் துளைகளைப் பார்த்தால் ஓட்டை என்று நினைத்து அடைக்க வேண்டாம். இடத்தில் வந்து வெல்டிங் வைத்தால் அந்த இடத்துப் பூச்சு எரிந்துபோகும். எல்லாமே போல்ட்டில் பூட்டுவதாக இருக்கட்டும்.

போன தடவை தூண் அடியில் அரித்தது ஏன் என்றால், தூண் மண் மட்டத்தில் நின்றிருக்கும். மண், உப்பு ஈரம், நாய் சிறுநீர், தண்ணீர் தேங்கல் எல்லாம் அங்கேதான். அஸ்திவாரத்தைத் தரைக்கு மேல் அரை அடியாவது உயர்த்தி, மேல்பரப்பை வெளிப்பக்கம் சரிவாக முடித்து, அதன் மேல் பேஸ் பிளேட் உட்காரட்டும். ஈர சிமென்ட் ஷீட்டில் தெறித்தால் உடனே கழுவுங்கள், அலுமினியப் பூச்சுக்கு அது ஆகாது.

வேலை நடக்கும்போது யாராவது ஒருவர் கூடவே நின்று பார்ப்பது நல்லது. ஷீட்டைக் கிரைண்டர் சக்கரத்தால் வெட்ட விடாதீர்கள், தீப்பொறி விழுந்த இடமெல்லாம் பூச்சு போய்விடும். கத்தரி மாதிரி வெட்டும் கருவி போதும். ஸ்க்ரூ போடும்போது சுருள் சுருளாகக் கொட்டும் இரும்புத் தூளை அன்று மாலையே மென்மையான பிரஷ்ஷால் தள்ளிவிடச் சொல்லுங்கள். விட்டால் ஒரு மழைக்கே புதுக் கூரை முழுக்கச் செம்புள்ளி. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ துரு பிடிக்காது என்று போடுவார்கள், உப்புக் காற்றில் அது சுற்றியுள்ள பூச்சை அரித்துவிடும். ஷீட்டுக்குப் பொருத்தமான பூச்சு ஸ்க்ரூவே வேண்டும்.

அப்புறம் பராமரிப்பு. கூரையின் மேல்பக்க உப்பை மழை கழுவிவிடும், அடிப்பக்கத்தை யார் கழுவுவது? கடலோரக் கூரைகள் அதிகம் அரிப்பது அடிப்பக்க ஓரத்தில்தான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர்க் குழாயை அடிப்பக்கம் பீய்ச்சினால் கூரையின் ஆயுள் நன்றாக நீளும். தோட்டக்காரர் வேலைப் பட்டியலில் இதை எழுதியே கொடுங்கள்.

"விளையாட்டு நேரத்தில் இடி இடித்தால் பிள்ளைகளை மைதானத்து ஷெட்டுக்குள் நிறுத்துகிறோம். இரும்பு என்பதால் பயமாக இருக்கிறது. எர்த் கொடுத்தால் போதுமா?" – உடற்கல்வி ஆசிரியை, தருமபுரி

தயவு செய்து அங்கே நிறுத்தாதீர்கள் டீச்சர். இரும்பு என்பதால் இடி தேடி வருவதில்லை, ஆனால் வெட்டவெளியில் தனியாக உயரமாக நிற்கும் எதுவும் அடிபடலாம். திறந்த ஷெட்டில் மின்னல் தூண் வழியாக இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் மேல் தாவும், தரை வழியாகவும் பரவும். எர்த் கம்பி கட்டாயம் வேண்டும், ஆனால் அது ஷெட்டைக் காக்கும், தூணில் சாய்ந்து நிற்கும் பிள்ளையைக் காக்காது. இடிச் சத்தம் கேட்டதுமே வகுப்பறைக் கட்டடத்துக்கு ஓடவிடுங்கள், பள்ளிப் பேருந்து மூடிய உலோகக் கூண்டு என்பதால் அதுவும் சரி. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் மறுபடி மைதானம். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தாமினி செயலி, சுற்று வட்டாரத்தில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். போனில் போட்டு வையுங்கள். ஷெட் தூணில் 'இடி நேரத்தில் இங்கே நிற்காதீர்' என்று ஒரு பலகையும் மாட்டுங்கள். மரத்தடியும் கூடாது, அது பிள்ளைகளுக்குத் தெரியும், ஷெட் கூடாது என்பது பெரியவர்களுக்கே தெரிவதில்லை.

"வாடகை நிலத்தில் முகாம் நடத்துகிறோம். குத்தகை முடிந்தால் கழற்றிக் கொண்டுபோக முடியுமா?" – வாசகர், ஏலகிரி

முடியும், ரெடிமேடாக வாங்குவதன் பெரிய பயனே அதுதான். அஸ்திவாரம் மட்டும் அங்கேயே இருக்கும், புது இடத்தில் புதிதாகப் போட வேண்டும், அந்தச் செலவை இப்போதே குத்தகைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு சட்டத்திலும் ஷீட்டிலும் எண் எழுதிப் போட்டோ எடுத்து வையுங்கள். வளைத்த ஷீட்டை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம், கயிறு போட்டு இறுக்கினால் வளைவு மாறிவிடும், மரக்கட்டை கொடுத்து அடுக்குங்கள். ஈரத்தோடு அடுக்கி மூடி வைத்தால் வெண்துரு பூக்கும், துடைத்து வையுங்கள். போல்ட், ஸ்க்ரூ, வாஷர் எல்லாம் புதிதாக வாங்குங்கள். பழைய ஸ்க்ரூத் துளையில் ஒரு அளவு பெரிய ஸ்க்ரூ போட்டால் பிடிக்கும். புது ஊரின் காற்று வேகம் பழைய ஊரைவிட அதிகமாக இருக்கலாம். ஏலகிரியில் நின்ற கூரை என்பதற்காகச் சென்னைக் கடற்கரையிலும் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னைக்குக் குறிப்பேடு சொல்லும் வேகம் விநாடிக்கு 50 மீட்டர். முதல் பதிலில் பார்த்த மதுரையின் 39 மீட்டருக்கும் அதற்கும் அழுத்தத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம்.

"ட்ரஸ்ஸே இல்லாமல் ஷீட்டை மட்டும் வளைத்துப் பெரிய மண்டபங்களுக்குக் கூரை போடுகிறார்களே, சின்னப் பூங்காவுக்கு அதைப் போடலாமா?" – வாசகர், சேலம்

அந்த இயந்திரம் லாரியில் இடத்துக்கே வந்து, சுருளிலிருந்து தகட்டை இழுத்து, மடித்து, வளைத்துக் கொடுக்கும். அகலமான சந்தைக்கும் கிடங்குக்கும் அருமை. ஆனால் சட்டம் இல்லாத வில் கால்களை இரண்டு பக்கமும் வெளியே தள்ளும், அதைத் தாங்க உறுதியான உத்திரமோ இழுகம்பியோ வேண்டும். இருபது அடிப் பூங்கா நிழற்குடைக்கு அந்தச் செலவு தேவையில்லை. குழாய்ச் சட்டம் போதும்.

"வருஷத்துக்கு ஒருமுறை என்ன பார்க்க வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்." – குடியிருப்போர் சங்கச் செயலாளர், மதுரை

ஆடிக் காற்றுக்கு முன்னால் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒருமுறை பாருங்கள். பேஸ் பிளேட் நட்டுகளை ஸ்பேனர் வைத்து முடுக்கிப் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்தால் போதாது. ஓரத்து ஸ்க்ரூக்களையும் மூலை ஸ்க்ரூக்களையும் தவறாமல் பாருங்கள், காற்று முதலில் பிடித்துக் கிளப்புவது மூலையைத்தான். கூரையில் தேங்கிய இலையைத் தள்ளுங்கள், அதன் அடியில் ஈரம் நின்றுதான் அரிக்கும். பெயிண்ட் உரிந்த இடத்தைச் சுரண்டித் துத்தநாகம் கலந்த பிரைமர் அடியுங்கள். சட்டத்தின் மூலையில் குளவிக் கூடு இருக்கிறதா என்று ஏணி ஏறும் முன்னாலேயே கீழிருந்து பாருங்கள். யாராவது பேனர் கட்டியிருந்தால் அன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள், அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துத் தூணைச் சேர்த்து இழுக்கும். உங்கள் சங்கத்தில் விழா வந்தால் பேனரை முதலில் கட்டுவது அந்தத் தூணில்தான் இருக்கும், எனவே அடுத்த கூட்டத்திலேயே இதற்கு ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள்.